தட்டின்புறத்தில் (பரணில்) கிடைத்த பழைய ராணுவத் தொப்பி: நெட்டியா, கார்க்கா? எப்படிக் காப்பாற்றுவது?

சித்தூர்ப்புழை:

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். பழைய ஓட்டு வீடு ஒண்ணைப் பிரிக்கறப்ப தட்டின்புறத்துல தகரப்பெட்டிக்குள்ள ஒரு காக்கித் தொப்பி இருந்துதுங்க. வெள்ளைக்காரன் காலத்து டோப்பி மாதிரி, கவுத்து வெச்ச கிண்ணம், சுத்தி ஓரம். உச்சியில துணி போர்த்தின பொத்தான் ஒண்ணு. அடிவயித்தைச் சுத்தி மடிப்பு மடிப்பாத் துணிப்பட்டை. உள்ளார தோல்பட்டை, தொட்டாச் செங்கல் தூள் மாதிரி உதிருது. ரெண்டு பக்கமும் பித்தளைக் கொக்கி, அதுல பச்சைக் களிம்பு.

இடது ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்குத் துணி கிளம்பி நிக்குது. அடியில வெள்ளையா, அடுக்கடுக்கா ஏதோ தெரியுது. தெர்மோகோல்னு சொன்னா நம்பலாம், ஆனா அந்தக் காலத்துல தெர்மோகோல் ஏதுங்க? அந்த எடம் அமுக்குனா நமுத்துப்போன அப்பளம் மாதிரி இருக்குது. வெள்ளி நெறத்துல பூச்சி ரெண்டு ஓடுச்சு. பூஞ்சை வாடையும் இருக்குது.

ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நாள் பூரா வெயில்ல வை, ஃபெவிகால் ஊத்தி அமுக்கு, கொக்கியப் புளி போட்டுத் தேயி, மேல காக்கி பெயிண்ட் அடி. இது எதுவும் செய்யறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட மூணு கேள்வி: இது எதுல செஞ்சது? ராணுவத்துதா, இல்ல நெல்லியாம்பதி எஸ்டேட் தொரை போட்டதா? இடவப்பாதி மழை (ஜூன்ல தொடங்கற தென்மேற்குப் பருவமழை) வர்றதுக்குள்ள என்ன செய்யணும்?

---

வாளையாறு:

முதல்ல அந்த நாலு யோசனையையும் தள்ளி வைங்க. நாலுமே தொப்பியைக் கெடுக்கும். காரணம் கீழே வரும்.

எதுல செஞ்சதுன்னு தெரியாம ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படக்கூடாது. பழைய வெயில் தொப்பி ரெண்டு குடும்பம். ஒண்ணு கார்க், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஓக் மரத்துப் பட்டை. இன்னொண்ணு நெட்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்துல கட்டுற மாலை இருக்கே, அதே நெட்டி. வடக்கே அதை சோலான்னு சொல்வாங்க. "சோலா டோப்பி" அப்படி வந்த பேர்தான். வெயிலுக்குப் போடறதால ஆங்கிலத்துல அதை "சோலார்" ஆக்கிட்டாங்க. சூரியனுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லை.

பாக்க வேண்டியது:

ஓரத்தோட கனம். கார்க் ஓடு மெல்லிசு, 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். ரெண்டு அடுக்கு கார்க், நடுவுல மெல்லிய துணி, அரக்குக் கரைசல்ல ஒட்டினது. நெட்டி ஓடு தடிமன், 10 மில்லிமீட்டருக்குக் குறையாது. தடிமனா இருந்தும் கையில எடுத்தா எடையே தெரியாது.

தட்டிப் பாருங்க. விரல் கணுவால மெதுவா. கார்க் "டக்"னு கெட்டியாப் பேசும். நெட்டி "தொப்"புனு முழுங்கிக்கும்.

நகம். வெளியில தெரியாத இடத்துல லேசா அழுத்தினா நெட்டியில குழி விழும், விழுந்த குழி அப்படியே நிக்கும். கார்க் எழும்பிடும்.

நிறம். துணி கிளம்பின இடத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. கார்க் பழுப்பு, நடுநடுவே கருப்புக் கீறல் ஓடும். நெட்டி தந்த வெள்ளை, வயசானா மோர் நிறம். உச்சிப் பொத்தான் திருகு வெச்சது. தானா கழண்டு வந்தா அந்த ஓட்டை வழியா ஓட்டோட குறுக்குவெட்டு அப்படியே தெரியும். துருப் பிடிச்சிருந்தா முறுக்க வேண்டாம். எண்ணெய் விடவே விடாதீங்க, துணியில கறை ஏறினா போகாது.

இனி ராணுவமா, தோட்டமா. கார்க்ல செஞ்ச வுல்ஸ்லி தொப்பின்னா பிரிட்டிஷ் ராணுவத்துக்காரங்க 1900 வாக்கில இருந்து போட்டது. ஓரம் சம அகலமா இருக்காது, முன்னால 3 அங்குலம், பக்கத்துல 2, பின்னங்கழுத்துக்கு மேல 4. மேல்துணி ஆறு இதழா வெட்டித் தைச்சது, ஓரத்துக்குத் தோல் கரை கட்டினது. அதுக்கு முந்தின 1877 மாதிரி வெள்ளைத் தொப்பி கூம்பு மாதிரி உசரமா இருக்கும். உங்களோடது அது இல்லை. எஸ்டேட் தொப்பிக்குப் பெரும்பாலும் தாடைச் சங்கிலிக் கொக்கி இருக்காது. மடிப்புப் பட்டைக்குப் பதிலா வெறும் நாடா, உள்ளே கடைக்காரர் பேர் பொன்னெழுத்துல அச்சடிச்சது. அரசாங்கச் சரக்குன்னா உள்துணியிலயோ தோல்பட்டை அடியிலயோ அகல அம்புக்குறி முத்திரை இருக்கும். இந்திய அரசுச் சரக்குல அம்போட ஐ எழுத்தும் சேரும்.

லண்டன் ஹாக்ஸ் கம்பெனிச் சீட்டு இருந்து, அதுல 14, பிக்காடில்லின்னு விலாசம் இருந்தா 1912க்கு முந்தினது. அந்த வருஷம் அவங்க சாவில் ரோவுக்கு மாறிட்டாங்க. இந்த மாதிரிச் சீட்டு ஒட்டியிருந்தா தொடக்கூடாது, அதுதான் தொப்பியோட ஜாதகம்.

இந்தச் சோதனைகளைச் செஞ்சு பதில் போடுங்க. கையுறை, என்95 மாஸ்க் ரெண்டும் அவசியம். பழைய தொப்பிகள்ல அந்தக் காலத்துப் பூச்சிமருந்து தூவியிருக்க வாய்ப்பு உண்டு. உதிர்ற தோல் தூளும் மூச்சுக்கு ஆகாது.

---

சித்தூர்ப்புழை:

பாத்தேனுங்க. ஓரத்துக் கனம் 12 மில்லிமீட்டர். தட்டினா "தொப்". உள்ள வெள்ளை. ஓரம் சுத்தி ஏறக்குறைய ஒரே அகலம், ரெண்டரை அங்குலத்துக்குக் கிட்ட. ஓரத்துக்கு அடியில பச்சைத் துணி. உள்துணியில அம்பு முத்திரை அரைகுறையாத் தெரியுது, கீழ ஒரு கோடு, அது ஐ எழுத்தா இருக்கலாம். தோல்பட்டையில 7னு இருக்குது. சீட்டு எதுவும் இல்லை. பொத்தான் அசையலை, விட்டுட்டேன்.

---

வாளையாறு:

அப்ப நெட்டி. அந்தக் கோடு ஐதான்னா அரசாங்கச் சரக்கு, இந்தியாவுல செஞ்சது. அந்த உருவத்துக்கு பிரிட்டிஷ் சிப்பாய்கள் "பம்பாய் பவுலர்"னு பட்டப்பேர் வெச்சிருந்தாங்க. ரெண்டாம் உலகப் போர்ல பரவலாக் கொடுத்தது. 7ங்கறது தலை அளவு, பிரிட்டிஷ் கணக்குல 57 சென்டிமீட்டர் சுற்றளவு.

இனிமே நெட்டி வேலை தெரிஞ்சவங்கதான் பேசணும். ஆரியங்காவு அண்ணா, வாங்க.

---

ஆரியங்காவு:

வந்தாச்சு. எப்படிச் செய்தார்கள் என்பது புரிந்தால் எங்கே கெடும் என்பது தானாகப் புரியும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நெட்டி, குளத்திலும் தண்ணீர் நிற்கும் வயலிலும் வளரும் செடி. தாவரப் பெயர் ஈஸ்கினோமினி ஆஸ்பெரா. தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் தண்டு மட்டும்தான் பருத்துப் பஞ்சு போல ஆகும். தண்ணீருக்கு மேலே இருக்கும் பகுதி சாதாரணக் குச்சி, வேலைக்கு உதவாது. எல்லாரும் இதைத் தண்டின் சோறு (நடுவில் இருக்கும் பஞ்சு) என்றே சொல்கிறோம். உண்மையில் அந்த வெள்ளைப் பகுதி முழுவதும் மரக்கட்டைதான், மெல்லிய சுவர் கொண்ட செல்களால் ஆன கட்டை. உண்மையான சோறு நடுவில் ஒரு நூல் கனத்துக்குத்தான் இருக்கிறது. செல் முழுக்கக் காற்று. வெயில் சூடு உள்ளே இறங்காததும் அதனால்தான், நகம் பட்டால் குழி விழுவதும் அதனால்தான்.

தண்டை நன்றாகக் காயவைத்து, மேலே இருக்கும் பழுப்புத் தோலைச் சீவி எடுப்பார்கள். பிறகு நீளமான மெல்லிய கத்தி. அதன் முனை முடி பிளக்கும் கூர்மையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெட்டி வெட்டுப்படாது, நசுங்கும். தண்டை ஒரு கையால் உருட்டிக்கொண்டே கத்தியை ஓட்டினால் சுருள் பிரிவது போல ஒரே தாளாக வரும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்கள் கோயில் கோபுரம் செய்யும்போது நீளவாக்கில் தகடு தகடாகவும் அறுப்பார்கள். (தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) தொப்பிக்கு இரண்டு வகையும் பயன்படும்.

அச்சு என்பது தலை வடிவத்தில் கடைந்த மரக்கட்டை, அளவுக்கு ஓர் அச்சு. அதன் மேல் முதலில் துணியோ காகிதமோ போர்த்துவார்கள், ஓடு அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அதற்கு மேல் நெட்டித் தகடுகளை மாவுப் பசையில் ஒட்டுவார்கள். முதல் அடுக்கு மேலிருந்து கீழாக ஓடினால் இரண்டாவது குறுக்காக ஓட வேண்டும். இந்தக் குறுக்கு ஓட்டத்தில்தான் தொப்பியின் உறுதி முழுவதும் இருக்கிறது, தனித் தகட்டுக்கு எந்தப் பலமும் கிடையாது. ஓரம் தனியாகக் கட்டப்பட்டு, முடியோடு (தலையை மூடும் கிண்ணப் பகுதியோடு) சேரும் மடக்கில் கூடுதல் துண்டுகள் வைக்கப்படும். அந்த மடக்குதான் தொப்பியில் பலவீனமான இடம். மேசையில் அப்படியே வைத்தால் எடை முழுவதும் ஓரத்தில் இறங்கி மடக்கு விரியும்.

பசை உலர்ந்ததும் அரத்தால் தேய்த்து மட்டமாக்கி, மேலே மெல்லிய பருத்தித் துணியைப் பசையில் இழுத்து ஒட்டுவார்கள். அந்தத் துணிதான் தோல் மாதிரி, நெட்டியை ஒன்றாகப் பிடித்து வைப்பது. அதற்கு மேல்தான் காக்கி. ஓரத்துக்கு அடியில் கண்கூசாமல் இருக்கப் பச்சைத் துணி. கடைசியாக வியர்வைப்பட்டை, அதாவது உள்ளே இருக்கும் தோல்பட்டை. அதை ஓட்டோடு நேரடியாக ஒட்ட மாட்டார்கள். சிறு சிறு கார்க் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து அதன் மேல்தான் பட்டை நிற்கும். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் காற்று புகுந்து உச்சிப் பொத்தானின் கீழுள்ள துளை வழியாக வெளியேற வேண்டும். நெட்டித் தொப்பியிலும் கார்க் துண்டு இருக்கும் என்பது இதனால்தான், அதைப் பார்த்துக் கார்க் தொப்பி என்று முடிவுகட்டக் கூடாது.

இப்போது உங்கள் தொப்பிக்கு வருகிறேன். ஓரம் நமுத்த இடத்தில் நடந்தது இதுதான்: ஈரம் ஏறிப் பசை இளகியது. இளகிய மாவுப் பசை ராமபாணப் பூச்சிக்கு, அதாவது நீங்கள் பார்த்த வெள்ளி நிறப் பூச்சிக்கு, தீனி. பூச்சி தின்றது பெரும்பாலும் பசையைத்தான், நெட்டியை இல்லை. எனவே அடுக்குகள் இன்னும் அங்கேயே இருக்கும், ஒட்டுதான் போயிருக்கும். முழு ஓரத்தையும் மாற்ற வேண்டிய நிலை இல்லை என்பது என் கணிப்பு.

ஃபெவிகால் ஏன் கூடாது என்றால், அது காய்ந்ததும் நெட்டியை விடக் கெட்டி. அடுத்த தடவை ஓரம் அசையும்போது ஒட்டு விடாது, ஒட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல நெட்டி கிழியும். பிறகு யாராலும் பிரித்துச் சரிசெய்யவும் முடியாது.

ஒட்டும் முறையைப் பிறகு எழுதுகிறேன். முதலில் பூச்சியும் பூஞ்சையும் போக வேண்டும்.

---

நகரிமலை:

பூச்சிக்கு மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். குளிர் போதும். தொப்பிக்குள்ளே வெள்ளைத் துணிச் சுருளை வைத்து நிரப்புங்க, உருவம் நசுங்காமல் இருக்க. கெட்டியான பாலித்தீன் பையில் போட்டு, காற்றை மெதுவாக வெளியேற்றி, டேப் ஒட்டி இறுக மூடணும். ஐஸ்கிரீம் வைக்கும் பெட்டி ஃப்ரீசர், மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே, 2 வாரம். வீட்டு ஃப்ரிட்ஜில் மேல்தட்டு ஃப்ரீசர் பல நேரம் அந்தக் குளிருக்கு இறங்காது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க.

எல்லாரும் தப்பு செய்யும் இடம் அடுத்தது. வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. 24 மணி நேரம் மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும். முன்னாடியே திறந்தால் குளிர்ந்த நெட்டி மேல் காற்றிலுள்ள ஈரம் வியர்த்து இறங்கும், இருக்கும் பசையும் போகும். நம்ம பக்கத்துக் காற்றில் இது நிமிஷத்தில் நடந்துவிடும்.

பூஞ்சை: நாள் பூரா வெயில் வேண்டாம். காக்கி வெளுக்கும், தோல்பட்டை சுருங்கி வெடிக்கும், ஓரம் முறுக்கிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள நிழலில் 3 நாள் வைங்க. காய்ந்த பூஞ்சை தூளாகிவிடும். ஆட்டுமுடி பிரஷால் ஒரே திசையில் தள்ளி, வாக்குவம் கிளீனரின் வாயில் கொசுவலை கட்டி, குறைந்த இழுப்பில் வாங்கணும். வீட்டுக்குள் வேண்டாம், திண்ணையில். பிரஷை மறுபடி வேறெதற்கும் பயன்படுத்தாதீங்க. துணி மேல் இருக்கும் வெள்ளை எல்லாம் பூஞ்சை என்று நினைத்துவிட வேண்டாம். துணிக்குப் பூசும் பிளாங்கோ என்ற மண் பூச்சும் அதே மாதிரி தூளாகத் தெரியும். பூஞ்சை லென்ஸில் பார்த்தால் இழை இழையாக இருக்கும், பூச்சு பொடிப்பொடியாக இருக்கும். பூச்சு பழைய ராணுவப் பூச்சுதான் என்றால் அதையும் வைத்துக்கொள்ளணும்.

தோல்பட்டை செங்கல் தூளாக உதிர்வது தோலின் உள்ளேயே அமிலம் சேர்ந்ததால். தேங்காயெண்ணெய், ஷூ பாலிஷ் எதுவும் அதை மீட்காது. எண்ணெய் நெட்டிக்குள் இறங்கிக் கறையாக வெளியே வரும். உதிர்வதை நிறுத்த ஹைட்ராக்ஸிப்ரோபில் செல்லுலோஸ் தூள் (க்ளூசெல் ஜி என்று கேட்டால் கிடைக்கும்) 2 கிராம், ஐசோப்ரோபில் ஆல்கஹால் 100 மில்லி. தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கண்ணாடி மாதிரி தெளியும். மென்மையான பிரஷால் பட்டையில் மட்டும் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு பாலியஸ்டர் தாளைச் செருகிவிட்டுச் செய்யுங்க. பட்டை கொஞ்சம் கருக்கும், அது மாறாது. முதலில் ஒரு நகக்கண் அகலத்தில் சோதித்துப் பாருங்க. அடுப்போ விளக்கோ பக்கத்தில் வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கார்க் தொப்பி வைத்திருப்பவர்கள் இந்த ஆல்கஹாலை ஓட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், ஓடு கலகலத்துவிடும்.

பித்தளைக் கொக்கியில் இருக்கும் பச்சை, தோலிலுள்ள கொழுப்பும் செம்பும் சேர்ந்து வந்த மெழுகு மாதிரியான களிம்பு. மூங்கில் குச்சியைக் கூராக்கிச் சுரண்டினாலே முக்கால்வாசி வந்துவிடும். மிச்சத்துக்குக் காதுகுடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி ஒயிட் ஸ்பிரிட். புளி கூடாது: அமிலம் துணி இழையில் தங்கும், பித்தளையின் துத்தநாகத்தை அரித்துச் செம்பு நிறமாக்கும். பாட்டில் பாலிஷும் வேண்டாம், அதன் வெள்ளைப் பொடி துணி ஓரத்தில் காய்ந்து நிற்கும், எடுக்கவே முடியாது.

---

குப்பம்:

குறுக்கே ஒரு கேள்வி. நெட்டி ஒட்டப் போறீங்கன்னா பசையில மயில்துத்தம் போட்டா என்ன? புத்தகம் பைண்டிங் பண்றவங்க பூச்சி வராம இருக்க அதைத்தானே போடறாங்க?

இன்னொண்ணு, சித்தூர்ப்புழை தம்பிக்கு. அந்த வீட்டுல யாராவது பட்டாளத்துல சிப்பாயா இருந்தாங்கன்னு வெச்சு, "இது தாத்தா போட்ட தொப்பி"ன்னு எழுதிடாதீங்க. டோப்பி பெரும்பாலும் வெள்ளைக்காரங்களுக்குக் கொடுத்தது. இந்தியச் சிப்பாய்க்குப் பாகைதான் வழக்கம். 1920ல ஏற்பட்ட துணைப்படையில (ஆக்ஸிலரி ஃபோர்ஸ்) ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இருந்தாங்க, அதுல ரயில்வேக்காரங்க நிறைய. போத்தனூர் ரயில்வே காலனி உங்களுக்குப் பக்கம். போர் முடிஞ்சதும் மிச்சச் சரக்கு சந்தையில வித்ததும் உண்டு. எந்த வழியா வந்துதுன்னு தொப்பி மட்டும் சொல்லாது.

சிப்பாய் தலையில என்ன வைக்கறதுங்கறது இங்க சின்ன விஷயமா இருந்ததே இல்லை. எங்க குப்பத்துல இருந்து வேலூர் எட்டின தூரம்தான். 1805 நவம்பர்ல சென்னைப் படைக்குப் புது மாதிரித் தலைப்பாகை உத்தரவாச்சு. ஐரோப்பியத் தொப்பி சாயல், அதுல தோல் குஞ்சம். அடுத்த வருஷம் நெத்திக்குறி வைக்கக் கூடாது, தாடி எடுக்கணும்னு இன்னொரு உத்தரவு. அந்தத் தோல் மாட்டுத் தோலா, பன்றித் தோலான்னு ரெண்டு மதத்துக்காரங்களுக்கும் உறுத்தல். 1806 மே மாசம் வேலூர்ல 4ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளம் அதைப் போட மாட்டோம்னுது. ரெண்டு பேருக்கு ஆளுக்கு 900 சவுக்கடி. இன்னும் 19 பேருக்கு 500 அடின்னு தீர்ப்பு, மன்னிப்புக் கேட்டதால விட்டாங்க. ஜூலை 10 விடிகாலையில கோட்டையில சிப்பாய்க் கலகம் வெடிச்சுது. அதுக்குப் பிறகு அந்தத் தலைப்பாகை உத்தரவைத் திரும்ப வாங்கினாங்க, தளபதி கிராடாக்கும் ஆளுநர் பெண்டிங்க்கும் திரும்ப அழைக்கப்பட்டாங்க.

ஆக, சிப்பாய்த் தலையணி தேடறவங்க தட்டின்புறத்துல பார்க்க வேண்டியது தொப்பியை இல்லை. நீளமான காக்கித் துணிச் சுருளும், அதுக்குள்ள வைக்கற கூம்புக் குல்லாயும்தான். அது பல வீட்டுல பழந்துணின்னு போயிடுது.

---

நகரிமலை:

மயில்துத்தம் வேண்டாம். புத்தகக் கட்டில் பழக்கம்தான், ஆனால் அது செப்பு உப்பு. ஈரம் பட்டால் அமிலத்தன்மை காட்டும், பருத்தி இழையை நொறுங்கவைக்கும், வெள்ளை நெட்டியில் நீலப் பச்சைக் கறை விடும். பக்கத்திலேயே தோலும் இருக்கிறது. பூச்சி வராமல் இருக்க ஈரத்தைக் கட்டுப்படுத்தினால் போதும்.

---

ஆரியங்காவு:

குப்பம் ஐயா, நானும் ஒரு காலத்தில் மயில்துத்தம் என்றுதான் சொல்லி வந்தேன். புதிதாகச் செய்யும் நெட்டிப் பொருளுக்கு இன்றும் தவறில்லை. இந்த மாதிரிப் பழைய பொருளுக்கு நகரிமலை சொல்வதுதான் சரி.

இனி ஒட்டும் வேலை.

நேரம் முக்கியம். பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை, மாசிக் காற்று கிழக்கிலிருந்து உலர்ந்து வரும். உங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அது நன்றாகவே வீசும். மாவுப் பசை ஒரே நாளில் காயும், புளிக்காது. பங்குனி தாண்டி இதில் கைவைக்க வேண்டாம். இடவப்பாதியில் ஒட்டினால் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

பசைக்கு மைதா வேண்டாம், அதிலிருக்கும் பசைப்புரதம் காய்ந்தால் விறைக்கும், பூச்சியையும் அழைக்கும். கோதுமை ஸ்டார்ச் வாங்குங்கள். 1 பங்குக்கு 5 பங்கு தண்ணீர். அரை மணி ஊறவைத்து, சிறு தீயில் 20, 25 நிமிடம் விடாமல் கிளற வேண்டும். பால் நிறம் மாறிக் கண்ணாடித்தன்மை வந்து கரண்டியிலிருந்து கனமாக விழும்போது இறக்குங்கள். ஆறியபின் மெல்லிய சல்லடையில் இருமுறை தேய்த்து எடுத்தால் வெண்ணெய் போல வரும். 2 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

துணியை மேலும் கிழிக்காமல், கிளம்பிய இடம் வரை மட்டும் தூக்கிப் பிடியுங்கள். அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பூச்சிக் கழிவையும் தூளையும் காய்ந்த பிரஷால் எடுங்கள். அடுக்குகள் முழுதாக இருந்தால் மெல்லிய தகட்டுக் கரண்டியில் பசையைத் தொட்டு உள்ளே தடவி, எண்ணெய்த்தாள் வைத்து, இருபுறமும் தெர்மோகோல் துண்டு கொடுத்து, துணி உலர்த்தும் கிளிப்பால் பிடியுங்கள். பசை மெல்லிசாக இருக்க வேண்டும். அதிகம் வைத்தால் அதன் தண்ணீர் நெட்டியை வீங்கவைத்து, காயும்போது ஓரம் அலை அலையாகிவிடும். கிளிப்பின் அழுத்தம் விரலால் பிடிக்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. நெட்டி ஒருமுறை நசுங்கினால் செல் உடைந்துவிடும், திரும்ப எழாது.

குழி இருந்தால் புது நெட்டி. பொங்கல் மாலையில் வருவது சாயம் போட்டது, அது ஆகாது. சாயமில்லாத காய்ந்த தண்டு வேண்டும், விரல் கனத்துக்குக் குறையாதது. புது பிளேடால் 1 மில்லிமீட்டர் தகடாக அறுத்து, குழியின் வடிவத்தைக் காகிதத்தில் நகலெடுத்து வெட்டி, ஒன்றின் ஓட்டத்துக்கு அடுத்தது குறுக்காக அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தபின் அடுத்தது. பழைய மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி விட்டு, 220ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, எடை கொடுக்காமல் தேய்த்து இறக்குங்கள். விரலால் உப்புத்தாளை அழுத்தினால் பள்ளம் விழும். பழைய நெட்டியைத் தொடாதீர்கள்.

துணியை அதே பசையால், இன்னும் நீர்த்து, விளிம்பில் மட்டும் ஒட்டலாம். இழை அறுந்த இடத்துக்கு அடியில் சாயமில்லாத மஸ்லின் துண்டு ஒன்றை ஒட்டு வையுங்கள். காக்கி பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் ஏறிய துணி மூச்சுவிடாது, உள்ளே ஈரம் தங்கும், இருக்கும் முத்திரையும் மறையும்.

---

சித்தூர்ப்புழை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஃப்ரீசருக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. ஒண்ணே ஒண்ணு. அந்த மடிப்புப் பட்டையும் அழுக்கா இருக்குது. அதை மட்டும் கழட்டித் துவைச்சு மறுபடி கட்டலாமுங்களா? அப்புறம் மழைக்காலத்துல எதுல வைக்கறது?

---

வாளையாறு:

கழட்டாதீங்க. அந்தப் பட்டையோட மடிப்பு தொப்பியோட சேர்த்து நீராவியில படிஞ்சு உக்காந்தது. பிரிச்சா அதே மடிப்பு திரும்ப வராது. மேல் மடிப்புல வேற நிறத்துல ஒரு நூல் கரை தெரியுதான்னு பாருங்க, சில படைப்பிரிவுகள் தங்கள் நிறத்தை அங்கதான் வெச்சாங்க. இடது பக்கம் துணி வெளுக்காம சதுரமாவோ முக்கோணமாவோ ஒரு நிழல் இருந்தா, அங்க படைப்பிரிவு அடையாளத் துணி தைச்சிருந்ததுன்னு அர்த்தம். சுத்தி ஊசி ஓட்டை வரிசை இருக்கும். மடிப்புப் பட்டைக்கு அடியில கொஞ்சமா எட்டிப் பாத்தா வெயில் படாத பழைய காக்கி தெரியும். இதெல்லாம் போட்டோ எடுத்து வைங்க. துவைச்சா இந்தச் சாட்சி அத்தனையும் போயிடும்.

வைக்கறதுக்கு மூடி இறுகின பிளாஸ்டிக் பெட்டி, தொப்பி எந்தப் பக்கமும் இடிக்காத அளவு. உள்ளே முடியோட வளைவுக்கு ஏத்த மாதிரி வெள்ளைத் துணியில பஞ்சு திணிச்சு ஒரு தலையணை. தொப்பி அந்தத் தலையணை மேல நிக்கணும், ஓரம் பெட்டியோட அடியைத் தொடக்கூடாது. ஆணியில மாட்டறது, செய்தித்தாள் திணிக்கறது ரெண்டும் வேண்டாம். சிலிகா ஜெல் கால் கிலோ துணிப்பையில போட்டு, சின்ன ஈரமானி ஒண்ணு வைங்க. முள் 45க்கும் 55க்கும் நடுவுல நிக்கணும். 65 தாண்டினா பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், 40க்குக் கீழ போனா தோல் வெடிக்கும். ஜெல் நிறம் மாறினதும் ஓவன்ல 120 டிகிரியில 2, 3 மணி நேரம் வெச்சு எடுத்து, ஆறினப்புறம் திரும்பப் போடுங்க. இடவப்பாதியில இருந்து துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) முடியற வரைக்கும் வாரம் ஒரு தடவை ஈரமானியைப் பாத்துக்கிட்டா போதும். அதுக்காகப் பெட்டியைத் திறக்க வேண்டாம், மானியை வெளியில இருந்து தெரியற மாதிரி பெட்டியோட பக்கவாட்டுல சாய்ச்சு வைங்க.